தோட்டத்தை விட்டு வெளியேறிய முதல் குடும்பம்

தோட்டப்புறத்திலிருந்து கோலாலம்பூருக்கு வரும் நம்மவர்கள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் எட்டிப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். தீபாவளி என்றால் துணிமணி, கல்யாணம் என்றால் மாலை, பூசை என்றால் சாமான், கடைசியில் வாழையிலை போட்டு ஒரு பிடி சோறு. எல்லாம் முடிந்ததும் கிள்ளான் ரயிலைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகக் கிளம்பி விடுவோம். வழியில் நிற்கும் கோயில்களையும் மாதா கோயில்களையும் நிமிர்ந்து பார்க்க நேரம் ஏது?

இந்த வாரம் சற்றே நிமிர்ந்து பார்ப்போம், அன்பர்களே!

கந்தசாமி கோயில் உள்ள இதே பிரிக்பீல்ட்ஸில்தான் செபமாலை மாதா ஆலயம் இருக்கிறது. பாத்திமா மாதா ஆலயம் இருக்கிறது. லுத்தரன் சபையின் சீயோன் ஆலயமும் தமிழ் மெதடிஸ்ட் ஆலயமும் இருக்கின்றன. கிள்ளானுக்குப் போனால் 1928-ல் எழுந்த லூர்து மாதா ஆலயம். தலைநகரின் நடுவே, டத்தாரான் மெர்டேக்கா திடலோரம், ஆங்கிலிக்கன் சபையின் செயிண்ட் மேரி பேராலயம்.

பழைய மாதா கோயில்களுக்குள் போய் வந்தவர்களுக்கு ஒரு காட்சி மனத்தில் நின்றிருக்கும். சன்னலில் வெறும் கண்ணாடி இராது. சிவப்பும் நீலமும் பச்சையுமாக வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்துச் சித்திரமாக்கிப் பதித்திருப்பார்கள். வெயில் ஏறினால் தரையெல்லாம் வண்ணம் விழும். அந்தச் சித்திரங்களில் பெரும்பாலும் வேதாகமக் கதைகளே இருக்கும்.

"அதுக்கும் பால்மரம் வெட்டுற நமக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகக் கேளுங்கள்.

மணலும் நெருப்பும்

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்குச் செங்கல் களம் என்று பொருள். 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அத்தாப்புக் கூரையும் பலகையுமாக இருந்த ஊர் நாசமாயிற்று. இனிமேல் செங்கல் கட்டடம்தான் என்று அரசாங்கம் தீர்மானித்தது. கப்பித்தான் யாப் ஆ லோய் இந்த வட்டாரத்தில் செங்கல் சூளைகளை ஏற்படுத்தினார். ஊருக்குப் பெயர் வந்த கதை அதுதான்.

களிமண்ணைச் சுட்டால் செங்கல். மணலைக் காய்ச்சினால் கண்ணாடி. பழங்காலத்தில் மணலோடு விறகுச் சாம்பலைக் கலந்து உலையில் உருக்கினார்கள். அந்தக் குழம்பில் உலோகப் பொடி சேர்த்தால் நிறம் பிறக்கும். கோபால்ட் சேர்த்தால் நீலம். செம்பு சேர்த்தால், உலையின் பக்குவத்தைப் பொறுத்துப் பச்சையோ சிவப்போ வரும். பக்குவம் தப்பினால் எல்லாம் வீண்.

ஆறிய கண்ணாடியைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கீறித் துண்டாக்குவார்கள். முகம், கை, உடையின் மடிப்பு இவற்றைக் கண்ணாடித் தூளும் உலோகத் தூளும் கலந்த கறுப்பு மையால் தீட்டி, மறுபடி சூளையில் வைத்துச் சுடுவார்கள். அப்படிச் சுட்ட கோடு மழைக்கும் வெயிலுக்கும் அழியாது. பிறகு துண்டு துண்டாக அடுக்கி, ஈயப் பட்டையால் ஒன்றோடொன்று சேர்த்துப் பற்றவைத்து, சன்னல் சட்டத்தில் ஏற்றுவார்கள்.

அனலில் வேகிற வேலை, கையைக் கிழிக்கிற வேலை, ஈயத்தோடு மல்லுக்கட்டுகிற வேலை. அதைச் செய்த பழைய காலத்துத் தொழிலாளிகளில் பெரும்பாலோரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களும் நம்ம இனம்தான். உழைத்தவன் பெயர் மறைந்தது, வேலை நின்றது!

எழுதப் படிக்கத் தெரியாதவரின் வேதம்

இவ்வளவு பாடுபட்டு எதற்காகக் கண்ணாடியில் கதை சொன்னார்கள்? அந்தக் காலத்து ஐரோப்பாவில் குடியானவர்களுக்கு எழுத்து தெரியாது. வேதமோ லத்தீன் மொழியில் இருந்தது. புத்தகத்தைக் கையால் எழுத வேண்டும். அதை வாங்க ஏழையால் முடியுமா? ஆகவே சன்னலையே புத்தகமாக்கினார்கள்.

நமக்கு இது புதிதல்ல. நம்ம கோயில் கோபுரத்தில் சுதைச் சிற்பமாக இராமனும் கண்ணனும் முருகனும் நிற்பது எதற்காக? பெரட்டுக்குப் போய் வந்த அப்பாயி, பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவள், கோபுரத்தைக் காட்டித்தானே பேரனுக்குச் சூரசம்ஹாரக் கதை சொன்னாள்! அதே மாதிரிதான் இதுவும்.

ஆங்கிலிக்கன் சபைக்குத் தாய் ஆலயம் இங்கிலாந்தில் கேன்டர்பரி என்ற ஊரில் இருக்கிறது. நம்ம கோலாலம்பூர் செயிண்ட் மேரி அந்தச் சபைக் குடும்பத்துப் பிள்ளைதான். 1174-ல் கேன்டர்பரி பேராலயத்தில் தீப்பிடித்து ஒரு பகுதி எரிந்தது. அதைத் திரும்பக் கட்டியபோது, இயேசுநாதரின் முன்னோர்களை வரிசையாக வண்ணக் கண்ணாடியில் தீட்டினார்கள். நீண்ட அங்கி அணிந்து ஆசனத்தில் அமர்ந்த பெரியவர்கள் பலர் அந்த வரிசையில் உண்டு.

ஆனால் வரிசையில் முதல் ஆள் யார் தெரியுமா? ஆதாம். அவனுக்கு ஆசனம் இல்லை. அங்கி இல்லை. இடுப்பில் ஒரு விலங்குத் தோல். மற்றபடி வெற்று உடம்பு. கையில் மண்வெட்டி. நம்ம சங்குல் மாதிரி வளைந்தது அல்ல. நேராகக் குத்தித் தோண்டுகிற வகை. மரத்தால் செய்து, விளிம்பில் இரும்புப் பூண் கட்டியது. மண்ணைத் தோண்டுகிறான். அவ்வளவுதான் சித்திரம்!

எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள மிகப் பழைய கண்ணாடிச் சித்திரங்களில் இதுவும் ஒன்று. அங்கே போகும் மக்கள் இன்றும் அண்ணாந்து பார்த்து நிற்கிறார்கள். ராஜாக்களுக்கும் முன்னால் ஒரு மண்வெட்டிக்காரன்!

ஏதேன் என்றொரு தோட்டம்

ஆதாம் ஏன் மண் தோண்டுகிறான்? கதை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. தமிழ் வேதாகமத்தில் அந்த இடத்துக்குப் பெயர் ஏதேன் தோட்டம். ஆம், தோட்டம்! அங்கே ஆதாமும் ஏவாளும் இருந்தார்கள். தின்னக் கூடாத கனியைத் தின்றார்கள். கடவுள் அவர்களை வெளியே அனுப்பினார். இனி நெற்றி வியர்வை சிந்தித்தான் சாப்பிட வேண்டும் என்றாயிற்று. அன்று கையில் எடுத்த மண்வெட்டிதான் கேன்டர்பரி கண்ணாடியில் இருப்பது.

தோட்டத்தை விட்டு வெளியேறிய முதல் குடும்பம் அது. இந்தச் சொல் நம்ம காதில் விழும்போது வேறு மாதிரி ஒலிக்கிறது, இல்லையா?

சிலாங்கூர்த் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டிய பெரியவர் ஒருவரிடம் நாம் இந்தக் கதையைச் சொன்னோம். வெற்றிலையை மென்றபடி கேட்டவர் சிரித்தார். "அந்த ஆதாமுக்காவது போறப்ப உடுத்திக்கத் தோல் சட்டை குடுத்து அனுப்புனாரு கடவுள். வேதத்துலயே இருக்குல்ல? எங்களுக்கு ஒரு கடுதாசிதான் வந்துச்சு தம்பி. அதுலயும் என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியல" என்றார்.

சிரிப்புத்தான் வந்தது. ஆனால் தொண்டையில் ஏதோ அடைத்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று நாம் காணும் வீடமைப்பும் நெடுஞ்சாலையும் பல இடங்களில் முன்பு ரப்பர் நிரையாக இருந்தவை. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவே பிராங் பெசார் தோட்டமும் அதன் அக்கம்பக்கத்துத் தோட்டங்களும் இருந்த மண்ணில் எழுந்தது. அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் வட்டாரத்துத் தாமான் பெர்மாத்தா அடுக்கு வீடுகளுக்குப் பெயர்ந்தன. லயன் வீடு போயிற்று. ஆயாக் கொட்டகை போயிற்று. பெரட்டுக் களம் போயிற்று. ஆதாம் கனியைத் தின்றதற்காக வெளியேறினான். நம்மவர் என்ன தின்றார்கள்? விடியாத இருட்டில் எழுந்து, வாளியும் உளியும் தூக்கி, கொசுக்கடியில் மரம் வெட்டியதுதான் அவர்கள் செய்தது.

திடலோரத்துக் கண்ணாடி

இப்போது டத்தாரான் மெர்டேக்காவுக்கு வாருங்கள். செயிண்ட் மேரி ஆலயத்துக்கு 1894-ல் அடிக்கல் நாட்டினார்கள். 1895-ல் அபிஷேகம் நடந்தது. திட்டம் போட்டவர் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஏ. சி. நார்மன். இங்கிலாந்தின் கிராமத்துக் கோயில் ஒன்றைத் தூக்கி வந்து இங்கே வைத்தது போல் இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் ஞாயிறுதோறும் வந்து கும்பிட்ட இடம்.

இந்த ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிகளில் இந்நாட்டுத் தோட்டத் துரைமாரைப் போற்றும் கண்ணாடியும் உண்டு. தோட்டப் பயிர்களே அதில் சித்திரமாகி நிற்கின்றன. ஏதேன் தோட்டத்துப் பயிர்கள் அல்ல. நம்ம கைபட்ட மலாயாத் தோட்டத்துப் பயிர்கள்!

துரைமாரை அவர்கள் சபையார் நினைத்துப் போற்றுவதில் தவறில்லை. செத்தவரை மறக்காதிருப்பது நல்ல வழக்கம். 1890-களில் காஜாங் வட்டாரத்து இன்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் ரப்பர் போட்டார்கள். 1917-ல் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிக முறையில் செம்பனை நட்டார். சரித்திரம் இவர்கள் பெயரைச் சொல்கிறது, சொல்லட்டும்.

ஆனால் "நட்டார்" என்றால் என்ன? குழி வெட்டியது யார்? கன்று சுமந்தது யார்? அந்தத் தோட்டத்தின் பெயரையே பாருங்கள். தென்னமரம்! அது எந்த நாக்கில் பிறந்த சொல்? பெயர் தமிழில் நிற்கிறது. கண்ணாடியில் பயிர் நிற்கிறது. மண்வெட்டி பிடித்தவன் எங்கே?

மண்ணைத் தோண்டும்போது துரை யார்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் நாம் அல்ல. 1381-ல் இங்கிலாந்தின் குடியானவர்கள் தலைவரி தாங்காமல் கிளர்ந்தெழுந்தார்கள். கேன்டர்பரி ஊருக்குள்ளும் புகுந்தார்கள். அவர்களுக்கு ஜான் பால் என்ற பாதிரியார் பிரசங்கம் செய்தார். ஆதாம் மண்ணைத் தோண்டி ஏவாள் நூல் நூற்ற நாளில் எசமான் என்று ஒருவன் இருந்தானா என்பதே அவர் பேச்சின் சாரம். அந்த ஆண்டே அவரைத் தூக்கிலிட்டார்கள். கேள்வியைத் தூக்கிலிட முடியவில்லை.

1941-ல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் அதே கேள்வி எழுந்தது. நம்மவருக்கு அப்போது நாளொன்றுக்கு ஐம்பது காசு சுமாருக்குத்தான் சம்பளம். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி கொடு என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, சரியான வைத்தியம், கள்ளுக்கடையை மூடு, பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து என்றார்கள். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். கூலி ஒரு பக்கம். மானம் மறு பக்கம்!

கிள்ளான் இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் தலைமை தாங்கினார். அவர் தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். மே மாதம் அவரைக் கைது செய்து, பிறகு நாடு கடத்தினார்கள். வேலை நிறுத்தம் பரவியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

மறு ஆண்டே ஜப்பான்காரன் ஆட்சி. 1942-43-ல் சயாம் மரண ரயில் பாதை போட நம்ம தோட்டங்களிலிருந்து ஆளைப் பிடித்துப் போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவிலும் பட்டினியிலும் பல்லாயிரம் தமிழர்கள் அந்தக் காட்டிலேயே மடிந்தார்கள். அந்த யுத்தத்தில்தான் கேன்டர்பரி ஊரில் குண்டு விழுந்தது. பழைய கண்ணாடிகளை முன்கூட்டியே கழற்றிப் பத்திரமாக வைத்திருந்தபடியால் ஆதாம் தப்பினான். சண்டை ஓய்ந்ததும் திரும்ப ஏற்றினார்கள். கண்ணாடி ஆதாமைக் காப்பாற்ற ஆள் இருந்தது. சயாமுக்குப் போன நம்ம ஆதாம்களைக் காப்பாற்ற யார் இருந்தார்கள்?

செருப்புத் தைப்பவரும் தச்சரும்

அப்படியானால் தொழிலாளிக்குக் கண்ணாடியில் இடமே கிடையாதா? உண்டு. பிரான்ஸ் நாட்டில் சார்த்ரு என்ற ஊர்ப் பேராலயத்துக்குப் போனால் பார்க்கலாம். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கண்ணாடிகள் அங்கே நிறைய இருக்கின்றன. நோவா பேழை கட்டும் கதைச் சன்னலின் அடியில், மரம் வேலை செய்யும் தச்சர்களும் பீப்பாய் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைச் சன்னலின் அடியில், செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ரொட்டி சுடுகிறவர்களும் இறைச்சி வெட்டுகிறவர்களும்கூட அந்த ஆலயத்துச் சன்னல்களில் உண்டு.

அந்தச் சன்னல்களுக்குப் பணம் கொடுத்தது அந்தந்தத் தொழிலாளர் கூட்டங்களே என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். இல்லை, அப்படி இராது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் சாமி கதைக்கு அடியில் உழைப்பாளியின் உருவம் இருப்பது உண்மை. தொழில் வாரியாகக் கூட்டமாகச் சேர்ந்து நின்றவர்களுக்குத்தான் அந்த இடம் கிடைத்தது. தனியாளாய் நின்றவனுக்கு அல்ல.

நம்ம நாட்டில் 1954-ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் அந்தத் தத்துவத்தில்தான். சங்கத்தைப் பற்றி ஆயிரம் குறை பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் ஒற்றை ஆளாய் நின்று துரையிடம் எதையும் வாங்கியவன் எவனும் இல்லை.

கடுதாசியை மடித்து வைக்காதீர்கள்

இதைப் படிப்பவர்களில் சிலர் இன்னும் தோட்டத்தில் இருக்கலாம். பலர் தோட்டத்தை விட்டுக் கிள்ளானிலும் காப்பாரிலும் பந்திங்கிலும் தாமானுக்குக் குடிவந்திருப்பீர்கள். இருசாராருக்கும் இரண்டு வார்த்தை.

ஒன்று: தோட்டத்தை விற்கிறோம், வேலை இல்லை என்று கடுதாசி வந்தால் படிக்காமல் மடித்து வைக்காதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுங்கள். ஆள்குறைப்புக்கு நட்ட ஈடு தர 1980-ஆம் ஆண்டு விதிமுறை இருக்கிறது. தொடர்ந்து ஓராண்டாவது வேலை செய்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்குக் குறைவான சேவை என்றால் ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்றால் ஆண்டுக்குப் பதினைந்து நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் என்றால் ஆண்டுக்கு இருபது நாள். சந்தேகம் இருந்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் போய்க் கேளுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஆதாமுக்குத் தோல் சட்டை, நமக்குச் சட்டம். அதையும் கேட்டு வாங்கினால்தான் கிடைக்கும்.

இரண்டு: நாம் சன்னல் செய்ய வேண்டியதில்லை. ஈயமும் சூளையும் வேண்டாம். கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், எந்தத் துறைமுகத்தில் இறங்கினார், எந்தக் கங்காணியின் கீழ் எத்தனாம் நம்பர் நிரையில் மரம் வெட்டினார், சயாமுக்குப் போய்த் திரும்பாத சித்தப்பாவின் பெயர் என்ன, தோட்டத்துப் பிரசவத்தில் போன பாட்டியின் பெயர் என்ன என்று எழுதி வையுங்கள். தோட்டக் கோயில் திருவிழாப் படம், தமிழ்ப் பள்ளிக்கூடப் படம், பழைய சம்பளச் சீட்டு, சிவப்பு அடையாள அட்டை எது கிடைத்தாலும் தூக்கி எறியாதீர்கள். தெரிந்த பெரியவர்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டால், நாளைக்கு அவர்கள் இருப்பார்களா?

அடுத்த முறை கோலாலம்பூர் வந்தால் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு டத்தாரான் மெர்டேக்கா பக்கம் போங்கள். வழிபாட்டு நேரம் இல்லாத சமயமாகப் பார்த்து, அங்குள்ளவர்களிடம் அனுமதி கேட்டு உள்ளே போங்கள். எந்த மதமானாலும் பரவாயில்லை. சாமி இருக்கிற இடம், அமைதியாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கண்ணாடியைக் காட்டுங்கள். "இதுல இருக்கிற பயிருக்கெல்லாம் உங்க தாத்தா பாட்டி பாடுபட்டிருக்காங்க. அவங்க உருவம் இதுல இல்ல. ஆனா அவங்க பேரு எனக்குத் தெரியும், சொல்றேன் கேளு" என்று சொல்லுங்கள்.

பிறகு அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்.